மனைவிக்குப் பின்னால் ஆள் அனுப்பும் முன் கல்லாவைத் திறந்து காட்டுங்கள்!



ஒரு பழுப்பு நிறக் கவர். அதற்குள் பதினொரு புகைப்படங்கள், நான்கு பக்க அறிக்கை. லுஹர் தொழுகை முடிந்து பள்ளியின் வராந்தாவில் அமர்ந்திருந்த என் முன்னால் அதைப் பிரித்து வைத்தார் நம் ஊர்க் கடைவீதியில் வியாபாரம் செய்யும் ஒரு சகோதரர். தொழுகையாளி. கொடுக்கல் வாங்கலில் ஒரு பைசா பிசகாதவர் என்று பெயர் எடுத்தவர். மனைவி ஒன்றரை ஆண்டாகத் தாய் வீட்டில் இருக்கிறார். தலாக் இல்லை, குலா இல்லை. இரண்டு பிள்ளைகள். மனைவி ஜீவனாம்ச வழக்குப் போட்டிருந்தார்.

"ஹஜ்ரத், இதப் பாத்துட்டு நீங்களே சொல்லுங்க. இவளுக்கு மாசாமாசம் நான் எதுக்குக் குடுக்கணும்?" என்றார்.

படங்களைப் பார்த்தேன். ஒரு படத்தில் அந்தப் பெண் ஒரு தையல் கடைக்குள் நுழைகிறார். ஒன்றில் மருத்துவமனை வாசலில் நிற்கிறார். மூன்று படங்களில் ஹெல்மெட் போட்ட ஒரு மனிதரின் மோட்டார் சைக்கிளில் பின்னால் அமர்ந்து போகிறார். நடுவில் சிறு பிள்ளை. அறிக்கையில் அந்த மனிதரை 'அடையாளம் தெரியாத அந்நிய ஆண்' என்று எழுதியிருந்தார்கள்.

"தம்பி, இதையெல்லாம் யார் எடுத்தது?" என்று கேட்டேன்.

"டிடெக்டிவ் ஏஜென்சி ஹஜ்ரத். மெட்ராஸ்ல இருந்து ரெண்டு பேர் வந்து பத்து நாள் தங்கி எடுத்தாங்க. நீங்கதானே அன்னைக்கு ஜமாஅத்துல வச்சு ஆதாரம் இருந்தாக் கொண்டு வான்னு சொன்னீங்க!"

சகோதரர்களே! அந்த வார்த்தை என்னைக் குத்தியது. ஆறு மாதங்களுக்கு முன் இரு குடும்பத்தாரும் ஜமாஅத்தில் கூடியபோது, மனைவியின் நடத்தையைப் பற்றி அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவரை அடக்குவதற்காக, "ஆதாரம் இல்லாம ஒரு முஃமினான பொண்ணப் பத்திப் பேசாதே. ஆதாரம் இருந்தாக் கொண்டு வா" என்று சொன்னவன் நான்தான். வாயை மூடச் சொன்ன சொல்லை, உளவு பார்க்கக் கொடுத்த அனுமதியாக அவர் எடுத்துக்கொண்டார். "தேடிப் போகாதே" என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருந்தால் அந்தக் கவர் பிறந்திருக்காது. அந்தக் குறை என்னுடையது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

படங்களைக் கிழித்துப் போடச் சொன்னேன். அவர் கேட்கவில்லை. வக்கீலிடம் கொண்டு போனார். நீதிமன்றத்தில் என்ன நடந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

வேவு பார்ப்பது ஒரு தொழிலாகிவிட்டது

இது ஒரு ஊர்க் கதை அல்ல. பெருநகரங்களில் வசதி படைத்தவர்கள் மட்டும் நாடிய துப்பறியும் நிறுவனங்கள், இன்று நடுத்தரக் குடும்பத்து ஜீவனாம்ச வழக்குகளுக்குள்ளும் நுழைந்துவிட்டன. திருமணத்துக்கு முன் மாப்பிள்ளை விசாரிப்பது, கடை ஆள் திருடுகிறானா என்று பார்ப்பது, மனைவியைப் பின்தொடர்வது, கணவனின் வருமானத்தைக் கண்டுபிடிப்பது எல்லாவற்றுக்கும் ஒரு கட்டணம் உண்டு.

இந்தத் தொழிலுக்கு நம் நாட்டில் என்ன கட்டுப்பாடு? வாசலில் நிற்கும் காவலாளியை அனுப்பும் நிறுவனத்துக்கு 2005ஆம் ஆண்டின் தனியார் பாதுகாப்பு நிறுவனங்கள் சட்டப்படி உரிமம் வேண்டும். ஆனால் துப்பறியும் நிறுவனங்களை ஒழுங்குபடுத்த 2007இல் மாநிலங்களவையில் கொண்டுவரப்பட்ட மசோதா சட்டமாகவே இல்லை. உங்கள் வீட்டு வாசலில் நிற்பவனுக்கு உரிமம் தேவை. உங்கள் வீட்டுப் பெண்ணின் பின்னால் கேமராவோடு நடப்பவனுக்கு என்று ஒரு தனிச் சட்டம் இல்லை!

இந்த ஓட்டைக்குள் என்னவெல்லாம் நடக்கிறது என்பதற்கு 2018ஆம் ஆண்டே சான்று. மகாராஷ்டிர மாநிலம் தாணேயில், பிறருடைய தொலைபேசி அழைப்புப் பட்டியல்களைச் சட்டவிரோதமாக வாங்கி விற்றதாகத் தனியார் துப்பறிவாளர்கள் பலரைப் போலீஸார் கைது செய்தார்கள். ஒரு பெண் யாரோடு எத்தனை மணிக்குப் பேசினாள் என்பது சந்தைச் சரக்காகிவிட்டது என்றால், நாம் எங்கே போய்க்கொண்டிருக்கிறோம்?

சட்டம் எதைக் கேட்கிறது?

ஒரு கணவன் துப்பறிவாளரிடம் போவது பெரும்பாலும் இரண்டு காரணங்களுக்காக. ஒன்று, மனைவி நடத்தை கெட்டவள் என்று காட்டுவது. இரண்டு, அவள் சம்பாதிக்கிறாள் என்று காட்டுவது. இந்த இரண்டையும் காட்டினால் ஜீவனாம்சம் போய்விடும் என்று டீக்கடை வக்கீல்கள் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். உண்மை என்ன?

முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவு என்று சொல்வோம். 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவு. போதிய வசதி இருந்தும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள முடியாத மனைவியை, பிள்ளைகளை, பெற்றோரைக் கைவிட்டவன் மீது போடப்படும் வழக்கு அது. மனைவி தகாத உறவில் வாழ்ந்துகொண்டிருந்தால் அவளுக்கு ஜீவனாம்சம் இல்லை என்று அந்தப் பிரிவு சொல்வது உண்மைதான். ஆனால் 'வாழ்ந்துகொண்டிருந்தால்' என்ற சொல்லைக் கவனியுங்கள். எப்போதோ நடந்த ஒரு தவறு அதற்குப் போதாது, தொடர்ந்து அப்படியொரு வாழ்க்கை நடப்பதாக நிரூபிக்க வேண்டும் என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லி வந்திருக்கின்றன. மோட்டார் சைக்கிளில் போன மூன்று படங்கள் எதை நிரூபிக்கும்?

சம்பாத்தியமும் அப்படித்தான். மனைவி ஏதோ கொஞ்சம் சம்பாதிக்கிறாள் என்பதற்காகவே அவளுடைய ஜீவனாம்சத்தை மறுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. அவளுடைய வருமானம், கணவனோடு இருந்தபோது அவள் வாழ்ந்த தரத்தில் வாழப் போதுமா என்பதே கேள்வி. ஜாக்கெட் தைத்து நான்கு காசு பார்க்கும் பெண்ணைப் படம் பிடித்துக் கொண்டுவந்து, 'இவள் சுயதொழில் அதிபர்' என்று சொன்னால் சிரிக்கத்தான் செய்வார்கள்.

இன்னொன்றையும் மறந்துவிடக் கூடாது. மனைவி மீது என்ன குற்றம் நிரூபித்தாலும் பிள்ளைகளின் ஜீவனாம்சம் ஒரு ரூபாய்கூடக் குறையாது. பிள்ளையின் சோற்றுக்கும் தாயின் நடத்தைக்கும் சம்பந்தமில்லை.

'உச்ச நீதிமன்றமே அனுமதித்துவிட்டதே!'

சட்டம் தெரிந்த இளைஞர்கள் உடனே கேட்பார்கள்: "ரகசியமாகப் பதிவு செய்ததையும் ஆதாரமாக ஏற்கலாம் என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டதே?"

ஆம், சொன்னது. 2025 ஜூலை 14 அன்று வந்த தீர்ப்பு அது. பஞ்சாபில் நடந்த ஒரு விவாகரத்து வழக்கில், மனைவி தன்னோடு பேசியதைக் கணவர் ரகசியமாகப் பதிவு செய்திருந்தார். அதை ஏற்கக் கூடாது என்று 2021இல் உயர் நீதிமன்றம் சொன்னதை உச்ச நீதிமன்றம் மாற்றியது. ஆனால் அது எதைப் பற்றிய தீர்ப்பு? கணவன் மனைவி இருவரும் தங்களுக்குள் பேசிக்கொண்ட பேச்சைப் பற்றியது. மூன்றாம் மனிதனுக்குக் கூலி கொடுத்து மனைவியின் பின்னால் அனுப்பலாம் என்று அந்தத் தீர்ப்பு யாருக்கும் அனுமதிச் சீட்டு எழுதிக் கொடுக்கவில்லை. ஒருவரையொருவர் வேவு பார்க்கும் அளவுக்கு ஒரு குடும்பம் போய்விட்டால், அங்கே நம்பிக்கை ஏற்கெனவே உடைந்துவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம் என்றும் அந்த நீதிபதிகள் குறிப்பிட்டார்கள்.

நம் மாநிலத்திலேயே ஒரு வழக்கு உண்டு. பரமக்குடி நீதிமன்றத்தில் நடந்த ஒரு விவாகரத்து வழக்கில், மனைவியின் தொலைபேசி அழைப்பு விவரங்களைக் கணவர் எடுத்துத் தாக்கல் செய்தார். 2024 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை ஏற்க மறுத்தது. கணவன் மனைவிக்கு இடையிலும் அந்தரங்க உரிமை உண்டு, அதை மீறித் திரட்டியது ஆதாரமாகாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். 2025 தீர்ப்புக்குப் பிறகு அந்தப் பாதை முன்போல் நேராக இல்லை என்பது உண்மை. ஆனால் ஓர் ஆதாரத்தை ஏற்றுக்கொள்வது வேறு, நம்புவது வேறு. படத்துக்கும் பதிவுக்கும் முறையான சான்றிதழ் வேண்டும். எடுத்தவன் கூண்டில் ஏறிக் குறுக்கு விசாரணைக்குப் பதில் சொல்ல வேண்டும். காசு வாங்கிக்கொண்டு சாட்சி சொல்பவனின் சொல்லை எந்த நீதிபதியும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்பதில்லை.

அதைவிட ஆபத்து ஒன்று இருக்கிறது. மனைவியின் செல்போனில் அவளுக்குத் தெரியாமல் உளவு செயலியை ஏற்றுவது, தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி அனுமதியின்றி நுழைந்த குற்றம். மூன்று ஆண்டு வரை சிறை, ஐந்து லட்சம் வரை அபராதம். ஒரு பெண்ணின் இணையப் பயன்பாட்டையோ மின்னஞ்சலையோ ஓர் ஆண் கண்காணிப்பது, பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆம் பிரிவின்படி பின்தொடர்தல் குற்றமாகும். அதற்கும் மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. மாதம் சில ஆயிரம் ரூபாயை மிச்சப்படுத்தப் போய், காவல் நிலையத்தில் உட்கார வேண்டுமா?

மார்க்கம் என்ன சொல்கிறது?

சட்டத்தை விடுங்கள். சட்டம் நாளைக்கு மாறும். மாறாத ஒன்று நம் கையில் இருக்கிறது அல்லவா?

திருக்குர்ஆனின் 49ஆம் அத்தியாயம் 12ஆம் வசனத்தை எடுத்துப் பாருங்கள். மூன்று தடைகளை அல்லாஹ் வரிசையாக வைத்திருக்கிறான். முதலில் சந்தேகம். அடுத்து துருவித் துருவி ஆராய்வது. அதற்கடுத்து புறம் பேசுவது. இந்த வரிசை வீணாக வைக்கப்படவில்லை. சந்தேகப்படுகிறவன் உளவு பார்ப்பான். உளவு பார்த்தவன் அதை ஊருக்குச் சொல்வான். அந்தப் பழுப்புக் கவரின் முழு வரலாறும் அந்த ஒரு வசனத்துக்குள் இருக்கிறது.

தாடியில் மது சொட்டச் சொட்ட இருக்கிறான் என்று ஒருவனைப் பற்றி இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களிடம் சொல்லப்பட்டது. உளவு பார்ப்பது எங்களுக்குத் தடுக்கப்பட்டிருக்கிறது, கண்ணுக்கு வெளிப்படையாக வந்தால் மட்டுமே நடவடிக்கை எடுப்போம் என்ற கருத்தில் அவர்கள் பதில் சொன்னார்கள் (அபூதாவூத்). மக்களின் அந்தரங்கக் குறைகளைத் தேடிக்கொண்டே போனால் அவர்களைக் கெடுத்துவிடுவாய் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்ததை முஆவியா (ரலி) அறிவிக்கிறார்கள் (அபூதாவூத்). ஆட்சியாளருக்கே இந்த எச்சரிக்கை என்றால், ஜவுளிக் கடைக்காரருக்கும் மளிகைக் கடைக்காரருக்கும் எங்கிருந்து வந்தது இந்த அதிகாரம்?

ஒழுக்கமுள்ள பெண் மீது பழி சுமத்திவிட்டு நான்கு சாட்சிகளைக் கொண்டு வராதவனுக்கு எண்பது கசையடி என்றும், அதன் பிறகு அவனுடைய சாட்சியத்தையே ஏற்கக் கூடாது என்றும் 24ஆம் அத்தியாயம் 4ஆம் வசனம் சொல்கிறது. கணவன் தன் மனைவியைக் குற்றம் சாட்டினால் என்ன முறை என்பதையும் அதே அத்தியாயம் 6 முதல் 9 வரை வகுத்து வைத்திருக்கிறது. அல்லாஹ்வின் பெயரால் சத்தியம் செய்து, தான் பொய்யனாக இருந்தால் தன் மீது அல்லாஹ்வின் சாபம் உண்டாகட்டும் என்று சொல்ல வேண்டும். அந்தச் சத்தியத்துக்குத் தயாராக இல்லாதவன், கூலிக்கு ஆள் வைத்து எடுத்த படத்தை மட்டும் நீட்டுகிறான்! 'அந்நிய ஆணோடு காணப்பட்டாள்' என்று எழுதிக் கையெழுத்துப் போடும் ஏஜென்சிக்காரனுக்கு இந்த வசனம் தெரியாமல் இருக்கலாம். அவனுக்குக் காசு கொடுத்தவருக்கும் தெரியாதா?

'என் மனைவி, எனக்கு உரிமை இல்லையா?' என்பார்கள். உரிமை உண்டு. நேரில் கேட்கும் உரிமை. அவள் குடும்பத்தாரை அழைத்துப் பேசும் உரிமை. பிணக்கு ஏற்பட்டால் அவன் தரப்பில் ஒரு நடுவர், அவள் தரப்பில் ஒரு நடுவர் என்று அல்லாஹ் 4:35இல் வழி காட்டியிருக்கிறான். இரண்டு நடுவர்கள் உட்கார வேண்டிய இடத்தில் இரண்டு துப்பறிவாளர்களை உட்கார வைத்தால் சமாதானம் எப்படி வரும்?

வியாபாரிகளே, உங்களிடம் ஒரு வார்த்தை

இதுவரை கணவன் அனுப்பும் உளவாளியைப் பற்றிப் பேசினேன். மனைவி அனுப்பும் உளவாளியும் உண்டு. அவள் ஏன் அனுப்புகிறாள்?

கடை தன் பெயரில் இருந்தது. வழக்கு வந்ததும் தம்பியின் பெயருக்கு மாறுகிறது. ஜிஎஸ்டி பதிவு வாப்பா பெயரில். வங்கிக் கணக்கில் ஆயிரத்துச் சொச்சம். கூண்டில் ஏறி, 'நான் என் தம்பி கடையில் சம்பள ஆள்' என்று சத்தியம் செய்கிறார். அதே மனிதர் பெருநாளைக்குக் கடை வாசலில் நின்று ஜகாத் கொடுக்கிறார்! ஜகாத் கொடுக்கும் அளவுக்கு நிஸாப் உள்ளவர், பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கொடுக்க மட்டும் ஏழையாகிவிட்டாரா? இந்த வேஷத்தைக் கலைக்கத்தான் அந்தப் பெண்ணின் அண்ணன் கடன் வாங்கித் துப்பறிவாளரிடம் போகிறார். அந்தப் பாவத்தில் முதல் பங்கு யாருக்கு?

ஹிந்த் (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களிடம் வந்து, கணவர் அபூசுஃப்யான் கஞ்சத்தனம் செய்கிறார், எனக்கும் பிள்ளைகளுக்கும் போதுமானதைத் தருவதில்லை என்று முறையிட்டார்கள். உனக்கும் உன் பிள்ளைகளுக்கும் நியாயமான அளவில் போதுமானதை அவருடைய பொருளிலிருந்து எடுத்துக்கொள் என்ற தீர்ப்பு கிடைத்தது (புகாரி, முஸ்லிம்). கவனியுங்கள் சகோதரர்களே! கணவரின் கல்லாவில் கை வைக்கவே அனுமதி கிடைத்தது. ஆனால் அபூசுஃப்யான் எங்கே போகிறார், யாரைப் பார்க்கிறார் என்று பின்தொடர ஆள் அனுப்பப்படவில்லை. உரிமை பொருளில்தான். அந்தரங்கத்தில் அல்ல.

இன்று அந்த உரிமையைப் பெற ஒரு பெண் துப்பறிவாளரிடம் போகத் தேவையில்லை. 2020 நவம்பர் 4 அன்று உச்ச நீதிமன்றம் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் ஒரு வழிமுறையை வகுத்தது. ஜீவனாம்ச வழக்கில் கணவன், மனைவி இருவருமே தங்கள் வருமானம், சொத்து, கடன், செலவு அனைத்தையும் சத்தியப் பிரமாணப் பத்திரத்தில் எழுதித் தர வேண்டும். பொய் எழுதினால் பொய்ச் சாட்சியத்துக்கான நடவடிக்கை வரும். மனு போட்ட தேதியிலிருந்தே ஜீவனாம்சம் கணக்கிடப்படும். ஆகவே இழுத்தடித்தால் மிச்சம் என்று நினைப்பவருக்குப் பாக்கிதான் மலைபோல் ஏறும். கட்டத் தவறினால் ஒவ்வொரு மாதப் பாக்கிக்கும் ஒரு மாதம் வரை சிறையில் அடைக்கவும் சட்டத்தில் இடமுண்டு.

நியாயத்தை இரு பக்கமும் சொல்ல வேண்டும். நல்ல சம்பளம் வாங்கிக்கொண்டு அதை மறைத்து, கணவனைக் கசக்கிப் பிழியும் பெண்களும் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட கணவருக்கும் இதே பத்திரம்தான் ஆயுதம். அவள் வேலை செய்யும் இடத்தின் சம்பளப் பதிவேட்டையும் வங்கிக் கணக்கையும் தாக்கல் செய்ய உத்தரவிடுமாறு நீதிமன்றத்தில் மனு போடுங்கள். வெளிச்சத்தில் கேட்டுப் பெறுவது சாட்சியம். இருட்டில் ஒளிந்து எடுப்பது திருட்டு.

ஷரீஅத்தைக் காப்பது யார்?

1985 ஏப்ரலில் ஷாபானு வழக்கில் தீர்ப்பு வந்தபோது, ஷரீஅத்தில் கை வைக்காதே என்று நம் தந்தையர் தெருவில் இறங்கினார்கள். 1986இல் தனிச் சட்டம் வந்தது. 2001இல் டேனியல் லத்தீஃபி வழக்கில், அந்தச் சட்டம் செல்லும், ஆனால் விவாகரத்தான பெண்ணின் எதிர்காலத்துக்கும் சேர்த்து இத்தா காலத்துக்குள்ளேயே நியாயமான ஏற்பாட்டைச் செய்து முடிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் விளக்கியது. 2024 ஜூலை 10 அன்று, விவாகரத்தான முஸ்லிம் பெண்ணும் பொதுச் சட்டத்தின் கீழ் ஜீவனாம்சம் கேட்கலாம் என்று மீண்டும் தீர்ப்பளித்தது.

இந்தத் தீர்ப்புகளைப் பற்றி நமக்குள் விவாதம் இருக்கலாம். இருக்கட்டும். ஆனால் ஒரு கேள்விக்கு மனசாட்சியோடு பதில் சொல்லுங்கள். தலாக் சொல்லப்படாத மனைவிக்கும் பெற்ற பிள்ளைக்கும் செலவு செய்வது கடமை என்பதில் எந்த மத்ஹபிலாவது கருத்து வேறுபாடு உண்டா? வசதி உள்ளவர் தம் வசதிக்கேற்பவும், நெருக்கடியில் உள்ளவர் அல்லாஹ் தந்ததிலிருந்தும் செலவு செய்யட்டும் என்பது 65:7இன் கட்டளை அல்லவா? விவாகரத்துச் செய்யப்பட்ட பெண்களுக்கு நல்ல முறையில் வசதி செய்து கொடுப்பது இறையச்சம் உடையோரின் கடமை என்று 2:241 சொல்லவில்லையா? தான் உணவளிக்க வேண்டியவர்களை வீணாக விட்டுவிடுவதே ஒருவனுக்குப் போதுமான பாவம் என்று நபி (ஸல்) அவர்கள் சொல்லவில்லையா?

இஸ்லாம் பெண்ணுக்குக் கண்ணியம் கொடுத்தது என்று மேடையில் முழங்குகிறோம். அதே கூட்டத்துக்கு நன்கொடை கொடுத்தவர் மனைவியின் பின்னால் கேமரா அனுப்புகிறார். நம் எதிரிகள் ஷரீஅத்தின் மீது எறியும் கல்லில் பாதியை நாம்தான் பொறுக்கிக் கொடுக்கிறோம்.

என்ன செய்யலாம்?

கணவர்களே! பிணக்கு எதுவாக இருந்தாலும் இந்த மாதத்திலிருந்தே பிள்ளைகளின் செலவைக் கொடுக்கத் தொடங்குங்கள். கையில் கொடுக்காதீர்கள். வங்கி மூலம் அனுப்புங்கள். அதுவே உங்களுக்கு ஆதாரம். துப்பறிவாளருக்குக் கொடுக்கும் தொகை, பிள்ளையின் ஒரு வருடக் கல்விக் கட்டணம்.

ஜமாஅத் நிர்வாகிகளே! தீர்ப்புச் சொல்லும் நீதிமன்றம் அல்ல நாம். இருவரும் விரும்பி வந்தால் சமரசம் செய்யலாம், அவ்வளவே. யாராவது படமோ பதிவோ கொண்டு வந்தால் பார்க்காதீர்கள், கேட்காதீர்கள், திருப்பிக் கொடுங்கள். என்னைப் போல் 'ஆதாரம் கொண்டு வா' என்று வாய் தவறியும் சொல்லாதீர்கள். படத்துக்குப் பதிலாகப் பற்று வரவு நோட்டைக் கேளுங்கள்.

சகோதரிகளே! மிரட்டலுக்கு அஞ்ச வேண்டாம். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள ஆணைய அலுவலகத்தை அணுகுங்கள். உங்கள் போனில் யாராவது உளவு செயலி ஏற்றியிருந்தால் அழித்துவிடாதீர்கள், அப்படியே புகார் கொடுங்கள்.

இளைஞர்களே! நண்பனின் மனைவியைப் பற்றிய படம் உங்கள் வாட்ஸ்அப்புக்கு வந்தால் அது உங்களோடு சாகட்டும். அடுத்தவருக்கு அனுப்பும் விரல், அந்த 49:12இன் மூன்றாம் தடையை மீறும் விரல்.

கடைசியில்...

அந்தச் சகோதரரின் வழக்குக்கு வருகிறேன். ஹெல்மெட் போட்ட அந்த 'அந்நிய ஆண்' யார் என்று நீதிமன்றத்தில் கேட்டார்கள். அந்தப் பெண்ணின் தாயுடைய தம்பி. சொந்த மாமு. ஷார்ஜாவில் வேலை. விடுப்பில் வந்தவர், காய்ச்சலில் கிடந்த பிள்ளையை மருத்துவமனைக்கு அழைத்துப் போயிருக்கிறார். மருத்துவமனை ரசீதுகூட இருந்தது, படம் எடுத்த அதே தேதியில்! நம் சகோதரர் தம் திருமணத்தன்று அதே மாமுவோடு ஒரே சஹனில் அமர்ந்து சாப்பிட்டவர். ஹெல்மெட்டுக்குள் இருந்தவரை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. சந்தேகத்துக்குள் விழுந்தவருக்கு யாரைத்தான் அடையாளம் தெரியும்?

இடைக்கால ஜீவனாம்சம் உத்தரவாயிற்று. அது பெரிய இழப்பல்ல. வழக்கில் தாக்கல் செய்யும் முன்பே அந்தப் படங்கள் உறவினர் இரண்டு பேர் போனுக்குப் போய், அங்கிருந்து ஊரைச் சுற்றிவிட்டன. ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் அவருடைய மகளிடம் வகுப்புத் தோழி ஒருத்தி காட்டியிருக்கிறாள். அந்தப் பிள்ளை பத்து நாள் பள்ளிக்குப் போகவில்லை. பார்க்கப் போன வாப்பாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறாள்: "எனக்குக் காச்சல்னு ஆள் வச்சுத் தெரிஞ்சுக்கிட்டீங்களே, வந்து பாக்கணும்னு தோணலையா வாப்பா?"

அன்று மருத்துவமனைக்குப் போன பிள்ளை இளையவன்தான். ஆனால் அந்தக் கேள்வி இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்துக் கேட்டது. அதை என்னிடம் சொல்லும்போது அந்த மனிதரால் தொடர்ந்து பேச முடியவில்லை.

இப்போது அவர் மாதம் தவறாமல் பணம் அனுப்புகிறார். இரு தரப்பிலும் ஒவ்வொரு பெரியவர் உட்கார்ந்து பேசி வருகிறார்கள். போன வாரம் தம் கடைக் கணக்கு நோட்டைத் தாமே கொண்டு வந்து அவர்கள் முன் வைத்தார். சேர்ந்து வாழ்வார்களா, கண்ணியமாகப் பிரிவார்களா என்பது அல்லாஹ்வின் நாட்டம். மகள் இன்னும் அவரோடு பேசவில்லை.

சகோதரர்களே! நாளை மஹ்ஷரில் நம் கேமராக்கள் சாட்சி சொல்லப் போவதில்லை. நம் கைகளும் கால்களும்தான் சொல்லும். யாரைப் பின்தொடர்ந்து நடந்தோம் என்று கால்கள் சொல்லும். யாருக்குக் கொடுக்காமல் மூடிக்கொண்டோம் என்று கைகள் சொல்லும். அந்த விசாரணைக்கு முன்னால் நம் கணக்கை நாமே திறந்து பார்த்துக்கொள்வோம். வல்ல ரஹ்மான் நம் குடும்பங்களின் மானத்தை மறைத்துக் காப்பானாக!